ஆர்சி ராக் கிராலரின் ஷாக்கை மாற்றியமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்சி ராக் கிராலர் என்பது ரிமோட்டில் ஓட்டும், பாறை ஏறும் சின்ன வண்டி. இந்தப் பதில்கள் 1/10 அளவு கிராலரை மனதில் வைத்து எழுதியவை. முன்னும் பின்னும் திடமான ஆக்சில், நான்கு மூலையிலும் ஸ்பிரிங் சுற்றிய ஆயில் ஷாக் உள்ள வண்டி. ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10 ஆனாலும் டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்.

கிராலர் மெதுவாகத்தானே போகிறது, அதற்கு ஷாக் எதற்கு?

தாவிக் குதிக்கும் பகி வண்டியில், தரையில் விழும்போது படும் அடியை ஷாக் வாங்கிக்கொள்ளும். கிராலர் குதிப்பதில்லை, நடக்கிற வேகத்தில் பாறைமேல் ஏறுகிறது. அதனால் ஷாக்கின் வேலையும் வேறு. நான்கு டயரும் பாறையை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், அதே சமயம் மேலே இருக்கும் பாடி கவிழக் கூடாது. இந்த இரண்டுக்கும் எப்போதும் இழுபறி. ஸ்பிரிங் இளகலாக இருந்தால் டயர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் பாடி ஆடும். இறுக்கமாக இருந்தால் பாடி நிற்கும், ஆனால் ஒரு சக்கரம் காற்றில் தொங்கும். ஷாக்கில் எதை மாற்றினாலும், இந்த இழுபறியில் எந்தப் பக்கம் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

எதிலிருந்து தொடங்குவது?

காசு செலவழிக்காமல் செய்யக்கூடியவற்றிலிருந்து. ஷாக்கை நான்கு மூலையிலும் கழற்றிவிட்டு, ஆக்சிலைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். எங்கேயாவது தட்டுகிறதா, லிங்க் (ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் கம்பி) முனை இறுகிப் பிடிக்கிறதா, டிரைவ் ஷாஃப்ட் நழுவி வெளியே வரப் பார்க்கிறதா, டயர் ஃபெண்டரில் உரசுகிறதா? ஷாக் இல்லாமலே ஆக்சில் சுலபமாக நகரவில்லை என்றால், எவ்வளவு நல்ல ஷாக் வாங்கிப் போட்டாலும் பலன் இருக்காது. லிங்க் முனையில் இருக்கும் ஸ்க்ரூவைக் கால் திருப்பு தளர்த்தியதுமே பாதிப் பிரச்சினை தீர்ந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஆயிலையும் ஸ்பிரிங்கையும் ஒன்றாக மாற்றினால், வண்டி நன்றாக ஓடினாலும் எதனால் என்று தெரியாது.

ஷாக்கின் நீளத்தை எப்படி அளப்பது?

முழுதாக நீட்டி வைத்து, மேல் ஸ்க்ரூ ஓட்டையின் நடுவிலிருந்து கீழ் ஸ்க்ரூ ஓட்டையின் நடு வரை அளக்க வேண்டும். "90 மி.மீ. ஷாக்" என்பது அந்த அளவு. 1/10 வண்டிகளில் 90-ம் 100-ம் அதிகம் புழங்குகின்றன. நீளம் தெரிந்தால் மட்டும் போதாது, ஷாஃப்ட் (ஷாக்கிலிருந்து வெளியே நீளும் தண்டு) எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். ஒரே நீளமுள்ள இரண்டு ஷாக்குகளில் ஒன்று 25 மி.மீ. ஓடும், இன்னொன்று 35 ஓடும். பின்னால் வரும் கணக்கெல்லாம் இந்த ஓட்டத்தை வைத்துத்தான்.

எந்த ஆயில் ஊற்றலாம்?

ஷாக்குக்கென்றே விற்கும் சிலிகான் ஆயில். பெரும்பாலான 1/10 கிராலருக்கு 30 முதல் 40 வெயிட் வரை சரியாக வரும். ஆனால் இந்த "வெயிட்" எண் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றல்ல. ஒருவரின் 30-ம் இன்னொருவரின் 30-ம் கெட்டியில் வேறுபடும். குப்பியில் சிஎஸ்டி என்று சென்டிஸ்டோக் அளவு அச்சிட்டிருந்தால் அதையே நம்புங்கள், அது உண்மையான பிசுப்பு அளவு. உதாரணத்துக்கு, டீம் அசோசியேட்டட் ஆயிலில் 20 வெயிட் என்பது 200 சிஎஸ்டி, 30 என்பது 350, 40 என்பது 500.

ஆயில் ஸ்பிரிங்கின் பலத்தை மாற்றாது, அசைவின் வேகத்தை மட்டும்தான் மாற்றும். இதை மறந்துவிட்டு, வண்டி உட்காருகிறது என்பதற்காகக் கெட்டி ஆயில் ஊற்றுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் மெதுவாக உட்காரும், அவ்வளவுதான்.

ரொம்பக் கெட்டியாகப் போனால் கிராலரில் ஒரு சிக்கல் வரும். டயர் ஒரு கல்லிலிருந்து இறங்கி அடுத்த பள்ளத்தைத் தொட வேண்டிய நேரத்தில் ஷாக் சோம்பலாக நீளும். அந்த அரை நொடி டயர் எதையும் அழுத்தாது. அந்த நேரத்தில்தான் சக்கரம் சும்மா சுழலும்.

வீட்டில் இருக்கும் வேறு ஆயில் எதையாவது ஊற்றக் கூடாதா?

வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் சில வகை ரப்பரை ஊத வைக்கும், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஷாஃப்டைக் கவ்விக்கொள்ளும். அதோடு வெயிலில் தண்ணியாகி, குளிரில் கெட்டியாகும். சிலிகான் ஆயிலும் வெப்பத்துக்குத் தகுந்தபடி மாறத்தான் செய்யும், ஆனால் அவ்வளவு இல்லை.

ஆயில் ஊற்றி மூடியதும் ஷாஃப்ட் முழுதாக உள்ளே போகவில்லை. ஏன்?

காற்றுக்கு இடமில்லாமல் ஆயில் நிரம்பியிருக்கிறது. ஷாஃப்ட் உள்ளே போகும்போது அதுவும் இடம் எடுத்துக்கொள்ளும். 3 மி.மீ. தடிமன் ஷாஃப்ட் 25 மி.மீ. உள்ளே போனால் சுமார் 0.18 மி.லி. இடம் பிடிக்கும். பார்க்கச் சின்ன அளவுதான், ஆனால் ஆயில் அமுங்காது. மூடிக்குக் கீழே ரப்பர் டயஃப்ரம் உள்ள ஷாக்கில் அந்த ரப்பர் வளைந்து இடம் கொடுக்கும். டயஃப்ரம் இல்லாத ஷாக்கில் நாம்தான் இடம் விட வேண்டும்.

நான் செய்கிற முறை இது. ஸ்பிரிங்கைக் கழற்றி, ஷாஃப்டை முழுதாகக் கீழே இழுத்து, ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து முக்கால் பங்கு ஆயில் ஊற்றுவேன். பிஸ்டனை (ஷாஃப்டின் உள் நுனியில் இருக்கும் ஓட்டை போட்ட தட்டு) மெதுவாகப் பத்து முறை ஏற்றி இறக்குவேன். வேகமாக ஆட்டினால் ஆயில் நுரைக்கும், அப்புறம் அது அடங்கக் காத்திருக்க வேண்டியதுதான். ஓட்டை வழியாகக் கடுகளவு குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வரும். ஷாக்கை ஒரு குவளையில் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த மூன்றையும் அதே மாதிரி நிரப்பி முடிப்பதற்குள் முதல் ஷாக் தெளிந்திருக்கும். பிறகு விளிம்பு வரை நிரப்பி, ஷாஃப்டை மெதுவாக ஏறக்குறைய முழுதும் உள்ளே தள்ளி, வழிகிற ஆயிலைத் துடைத்துக்கொண்டே மூடியைத் திருகுவேன்.

ஷாஃப்டை உள்ளே தள்ளிய நிலையில் மூடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வெளியே நீட்டி வைத்து மூடினால் உள்ளே காற்றழுத்தம் ஏறி, கையை எடுத்ததும் ஷாஃப்ட் தானாகத் துள்ளி வெளியே வரும். அது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஸ்பிரிங் மாதிரி பாடியை மேலே தள்ளும். கிராலருக்கு அது வேண்டாம். ஸ்பிரிங் இல்லாத ஷாக்கை விட்ட இடத்திலேயே ஷாஃப்ட் நிற்க வேண்டும். நான்கும் அப்படி நிற்கிறதா என்று வரிசையாக வைத்துப் பாருங்கள்.

பிஸ்டன் ஓட்டையைப் பெரிதாக்கலாமா?

ஆக்கலாம், ஆனால் முதலில் ஆயிலை மாற்றிப் பாருங்கள். ஆயிலைத் திரும்ப ஊற்றிவிடலாம், துளைத்த ஓட்டையை அடைக்க முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று ஓட்டை உள்ள பிஸ்டன்கள் ஷாக்கோடு உதிரியாக வந்தால், அதிக ஓட்டை உள்ளதைப் போட்டு நடுத்தர ஆயில் ஊற்றுவது கிராலருக்கு நல்ல தொடக்கம்.

ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கிறது. ஒரு சுற்று வெட்டிவிட்டால் இளகுமா?

இளகாது, இன்னும் இறுகும். இந்த இடத்தில் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுருள் ஸ்பிரிங்கின் பலத்தைத் தீர்மானிப்பவை மூன்று: கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை. சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் இறுகும். 8 சுற்று ஸ்பிரிங்கில் இரண்டை வெட்டி 6 ஆக்கினால் அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இறுக்கமாகிவிடும். ஒரு நீளமான கம்பியை வளைப்பது சுலபம், அதையே பாதியாக வெட்டி வளைத்துப் பார்த்தால் கைக்குத் தெரியும். கதை அதேதான்.

பின் ஏன் வெட்டியதும் இளகியது போலத் தோன்றுகிறது? நீளம் குறைந்ததால் வண்டி தாழ்ந்து உட்காரும். கையால் அமுக்கும்போது முதல் சில மி.மீ. சுமையே இல்லாமல் போகும். அதைப் பார்த்து இளகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். நானும் ஒரு ஜோடி நல்ல ஸ்பிரிங்கை அப்படி வெட்டிவிட்டு, பாறையில் பின் சக்கரம் தூக்குவதைப் பார்த்து நெடுநேரம் குழம்பியிருக்கிறேன்.

இளக வேண்டுமென்றால் மெல்லிய கம்பி ஸ்பிரிங் வாங்குவதுதான் வழி. கம்பியின் தடிமன் நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது. 1.2 மி.மீ. கம்பியிலிருந்து 1.3-க்குப் போனாலே, மற்ற அளவுகள் ஒன்றாக இருந்தால், இறுக்கம் ஏறக்குறைய 38 சதவீதம் கூடும். அதனால் ஸ்பிரிங் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல் கம்பியைப் பாருங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி நிறம் பூசுகிறது.

ஷாக் பாடியில் (ஷாக்கின் உருளையில்) இருக்கும் திருகு வளையத்தைக் கீழே இறக்கினால் ஸ்பிரிங் இறுகுமா?

இறுகாது. வண்டி உயரும், அவ்வளவுதான். வளையத்தை 5 மி.மீ. இறக்கினால் பாடி கிட்டத்தட்ட அதே அளவு மேலே போகும், ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். வண்டி ஷாக்கின் முழு நீளத்துக்கு நிமிர்ந்து நின்ற பிறகும் திருகிக்கொண்டே போனால்தான் தொடக்க இறுக்கம் கூடும். கிராலரில் அந்த நிலைக்கே போகக் கூடாது.

வண்டி நிற்கும்போது எவ்வளவு உட்கார்ந்திருக்க வேண்டும்?

பேட்டரி, பாடி எல்லாம் போட்டு, ஓடும் எடையோடு நிறுத்துங்கள். மேலிருந்து லேசாக இரண்டு முறை அமுக்கி விடுங்கள். ஷாஃப்ட் முழு ஓட்டத்தில் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அளந்து பாருங்கள். 30 மி.மீ. ஓட்டத்தில் 12 மி.மீ. உள்ளே போயிருந்தால் அது 40 சதவீதம்.

பாறை ஏறும் வண்டிக்கு நான் 40-லிருந்து 60 வரை வைப்பேன். அதாவது சக்கரம் மேலே போகவும் இடம் இருக்க வேண்டும், பள்ளத்தில் தொங்கவும் இடம் இருக்க வேண்டும். பொம்மைக் கடைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பல வண்டிகள் விறைப்பாக 10, 15 சதவீதத்தில் நிற்கும். பார்வைக்குக் கம்பீரம்தான், ஆனால் சக்கரம் கீழே இறங்க இடமே இல்லை.

ஆக்சில் அதிகமாக முறுக்கிக் கொடுக்கிற வண்டிதானே நன்றாக ஏறும்? எவ்வளவு நீள ஷாக் போடலாம்?

இந்த எண்ணத்தோடுதான் எல்லோரும் தொடங்குகிறோம். ஒரு முன் சக்கரம் உயர்ந்த கல்லிலும் எதிர்ப் பின் சக்கரம் குழியிலும் இருக்கும் படம் அழகாக இருக்கும். ஆனால் நீளமும் இளகலும் ஒரு எல்லைக்கு மேல் வண்டியைக் கவிழ்த்துவிடும்.

சரிவான பாறையில் வண்டி குறுக்கே போவதாக வைத்துக்கொள்வோம். எடை கீழ்ப் பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. மேல் பக்க ஸ்பிரிங்குகளில் சுமை குறைகிறது. சுமை குறைந்த ஸ்பிரிங் என்ன செய்யும்? நீளும். நீண்டு, பாடியின் மேல் பக்கத்தை இன்னும் மேலே தள்ளும். அதாவது நம் ஸ்பிரிங்கே பாடியைப் பள்ளத்துப் பக்கம் தள்ளுகிறது. நீண்ட ஷாக் என்றால் அது தள்ளிக்கொண்டே போக இடமும் அதிகம்.

அதே இடத்தில் மேல் பக்க ஷாக் சீக்கிரம் முழு நீளத்தை எட்டிவிட்டால் என்ன நடக்கும்? அதற்கு மேல் பாடி எழ வேண்டுமென்றால் ஆக்சிலையும் சக்கரத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். சக்கரத்தில் பித்தளை எடை போட்டிருந்தால் அந்த எடை முழுவதும் பாடியைக் கீழே இழுத்துப் பிடிக்கும் நங்கூரமாகிவிடுகிறது. கிராலரில் எடையைக் கீழே போடுவது இவ்வளவு பலன் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே 100 மி.மீ. ஷாக் வாங்கும் முன், இருக்கிற 90 மி.மீ. ஷாக்கின் கீழ் ஓட்டத்தை, அதாவது சக்கரம் கீழே தொங்கக்கூடிய தூரத்தை, 5 மி.மீ. குறைத்துப் பாருங்கள். ஆழமான குழியில் கொஞ்சம் இழப்பீர்கள். குறுக்குச் சரிவில் கிடைப்பது அதைவிட அதிகம்.

ஓட்டத்தை எப்படிக் குறைப்பது?

ஒரு சின்னக் குழாய்த் துண்டு போதும், ஷாஃப்டில் செருகினால் சரி. எங்கே செருகுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஷாக் பாடிக்கு உள்ளே, பிஸ்டனுக்குக் கீழே போட்டால் ஷாஃப்ட் முழுதாக வெளியே வராது. சக்கரம் தொங்குவது குறையும். மேலே சொன்ன குறுக்குச் சரிவுக்கு இதுதான்.

வெளியே, ஷாக் பாடிக்கும் கீழ் ராட் எண்டுக்கும் (ஷாஃப்டின் கீழ் நுனியில் திருகும் துண்டு) நடுவில் போட்டால் ஷாஃப்ட் முழுதாக உள்ளே போகாது. டயர் ஃபெண்டரில் உரசினால், அல்லது சர்வோ (ஸ்டீயரிங்கைத் திருப்பும் மோட்டார்) சேஸிஸில் இடித்தால் இதைப் போடுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஷாக்கைத் திரும்பப் பிரித்தவர்கள் ஏராளம். நான்கு துண்டையும் ஒரே நீளத்தில் வெட்டுவதும் முக்கியம். அரை மி.மீ. வித்தியாசம்கூட ஒரு மூலையில் தெரியும்.

ஸ்பிரிங்கே இல்லாமல் ஓட்டுகிறார்களே, அது என்ன?

ட்ரூப் அமைப்பு என்பார்கள். வெளி ஸ்பிரிங்கை எடுத்துவிடுவார்கள், அல்லது பிஸ்டனுக்குக் கீழே உள்ளுக்குள் ஒரு மெல்லிய ஸ்பிரிங் போட்டு ஷாக்கை எப்போதும் சுருங்க வைப்பார்கள். வண்டி முழுதாக உட்கார்ந்தே இருக்கும், சக்கரம் கீழே மட்டும் போகும். ஸ்பிரிங் பாடியை மேலே தள்ளுவது அறவே இல்லாததால் சரிவில் அசாத்திய நிதானம். போட்டி வண்டிகளில் நன்றாக வேலை செய்யும். மேடு பள்ளமான பாதையில் சுற்றி வரும் வண்டிக்கு எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு கல்லும் சேஸிஸுக்கு நேராகக் கேட்கும்.

இரண்டுக்கும் நடுவழியாகப் பின்னால் மட்டும் ட்ரூப், முன்னால் இளகின ஸ்பிரிங் வைத்துப் பாருங்கள். செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் முகம் தூக்காமல் இருக்க குறைந்த கீழ் ஓட்டம் முன்னாலும் வேண்டும், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஷாக்கைச் சாய்த்துப் பொருத்தினால் என்ன ஆகும்?

இளகும். நேராக நிற்கும் ஷாக்கோடு ஒப்பிட்டால், 30 டிகிரி சாய்த்த ஷாக் ஏறக்குறைய முக்கால் பங்கு பலத்தைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். 45 டிகிரியில் பாதிதான். ஆக்சில் மேலே வர வர சாய்வு இன்னும் கூடுவதால், அமுங்க அமுங்க மேலும் இளகும். சேஸிஸ் டவரில் இரண்டு மூன்று ஓட்டைகள் இருப்பது இதற்காகத்தான். புது ஸ்பிரிங் வாங்கும் முன் ஒரு ஓட்டை தள்ளிப் பொருத்திப் பாருங்கள். ஆயிலின் தடுப்பும் சேர்ந்து குறையும் என்பதை நினைவில் வையுங்கள்.

த்ராட்டில் கொடுத்ததும் வண்டி ஒரு பக்கம் சாய்கிறது. ஷாக் கெட்டுவிட்டதா?

இல்லை, அது டார்க் ட்விஸ்ட். டிரைவ் ஷாஃப்ட் ஆக்சிலை ஒரு பக்கம் திருக, அதன் எதிர்விசை சேஸிஸை மறுபக்கம் திருகுகிறது. ஸ்பிரிங் இளக இளக இது பெரிதாகத் தெரியும். டிஆர்எக்ஸ்-4 போலப் போர்ட்டல் ஆக்சில் உள்ள வண்டிகளில் குறைவு, ஏனென்றால் கியர் குறைப்பில் ஒரு பகுதி சக்கரத்தின் அருகிலேயே நடப்பதால் டிரைவ் ஷாஃப்டில் அவ்வளவு முறுக்கு வராது.

டயரைச் சுவரில் முட்ட வைத்து மெதுவாக த்ராட்டில் கொடுங்கள், எந்தப் பக்கம் அமுங்குகிறது என்று தெரியும். அமுங்கும் பக்கத்துப் பின் மூலையில் மட்டும் ஒரு படி இறுக்கமான ஸ்பிரிங் போட்டு, வண்டி மட்டமாக நிற்கும்படி வளையத்தைச் சரிசெய்யுங்கள். முழுதாகப் போகாது, பாதியாகக் குறைந்தாலே பெரிய வித்தியாசம்.

மாற்றம் பலித்ததா என்று வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, டயரின் பாதி உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை எடுத்து ஒரு முன் சக்கரத்தின் கீழ் வையுங்கள். மற்ற மூன்று டயரின் கீழும் ஒரு காகிதத் துண்டைச் செருகி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த டயர் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, அழுத்தவில்லை. கண்ணுக்கு நான்கு டயரும் தரையில் இருப்பது போலவே தெரியும், காகிதம்தான் உண்மையைச் சொல்லும்.

இரண்டு, ஒரு பலகையில் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, பலகையின் ஒரு விளிம்பைத் தூக்கிக்கொண்டே போங்கள். டயர் வழுக்காமல் இருக்கக் கீழ்ப் பக்கம் ஒரு மெல்லிய குச்சியை ஒட்டிக்கொள்ளுங்கள். மேல் பக்க டயர்கள் எழும்பும் கோணத்தைக் கைப்பேசியின் மட்டக் கருவியில் பார்த்துக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் இதைச் செய்தால், ஒரு நோட்டுப் பக்கத்தில் உங்கள் வண்டியின் கதையே இருக்கும்.

ஷாக் கீழே கசிகிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் ஓ-ரிங்தான், அதைக் கிழித்தது பெரும்பாலும் ஷாஃப்டின் மரைதான். பொருத்தும்போது மரையின் மேல் ஆயில் தடவி, கூர்மையில்லாத மெல்லிய பிளாஸ்டிக் துண்டால் சுற்றிக்கொண்டு செருகுங்கள். ராட் எண்டைத் திருகும்போது ஷாஃப்டை வெறும் பிளையரால் பிடிக்க வேண்டாம். பளபளப்பான இடத்தில் ஒரு கீறல் விழுந்தால் எத்தனை ஓ-ரிங் மாற்றினாலும் அது அறுத்துக்கொண்டே இருக்கும். தடித்த ரப்பர்த் துண்டைச் சுற்றி, ராட் எண்டை ஒட்டிய நுனியில் பிடியுங்கள். கீறல் ஏற்கெனவே இருந்தால் ஷாஃப்டையே மாற்றுவது மேல்.

1/24 அளவுக் குட்டி வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

சாய்வு, கீழ் ஓட்டம், எடை பற்றிச் சொன்னவை பொருந்தும். பல குட்டி வண்டிகளின் ஷாக்கில் ஆயிலே இருக்காது, பிளாஸ்டிக் உராய்வுதான் தடுப்பு. அங்கே ஷாஃப்ட் ஒட்டாமல் நகர்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஆயிலை எப்போது மாற்ற வேண்டும்?

நிறம் சொல்லிவிடும். தெளிவாக ஊற்றிய ஆயில் சாம்பல் நிறமாகிவிட்டால் பிஸ்டனோ ஷாக் பாடியோ தேய்ந்த தூள் அதில் கலந்திருக்கிறது. தண்ணீரில், சேற்றில் ஓட்டினால் பால் போல் வெளுத்திருக்கும், அப்போது அன்றே மாற்றிவிடுங்கள். பிரித்த கையோடு ஓ-ரிங்கையும் விரலால் உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிட்டு மூடுங்கள்.